தில்லியில் மாசி, பங்குனி மழை போனபின் எத்தனை நாள் வெயில் கிடைக்கும்? முன்னறிவிப்பை வைத்துத் திட்டமிட முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு மழை என்றால் ஐப்பசியும் கார்த்திகையும்தான். வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானால் போதும், அது எப்போது கரைக்கு வரும் என்று பாட்டி முதல் பேரன் வரை கணக்குப் போடுவோம். தில்லியில் அந்தக் கணக்கு உதவாது. இங்கே பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை மழை மேற்கிலிருந்து வருகிறது. ஒரு நாளோ இரண்டு நாளோ இடி, மின்னல், சில சமயம் ஆலங்கட்டி என்று ஆட்டம் காட்டிவிட்டுக் கிழக்கே போய்விடுகிறது. அப்புறம் ஒரு வாரம் வானத்தில் மேகமே இருக்காது.

"அடுத்த சில நாட்களில் மழை, அதன்பின் வறண்ட வானிலை" என்று செய்தியில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த வரியை வைத்துக்கொண்டு ரஜாயை, அதாவது பஞ்சு அடைத்த குளிர்காலப் போர்வையை, காயவைக்க முடியுமா? மொட்டைமாடியில் வடாம் பிழிய முடியுமா? ஆர்.கே.புரத்திலிருந்து மயூர் விஹாருக்கு வீடு மாற டெம்போ பேச முடியுமா? எல்லாவற்றுக்கும் தேதி வேண்டும். அந்தத் தேதியை எடுப்பது எப்படி என்பதுதான் இங்கே விஷயம்.

அடிப்படை இதுதான்: வானிலைத் துறை நான்கு விதமான முன்னறிவிப்புகளைத் தருகிறது. பருவம் முழுவதற்கும் ஒன்று, இரண்டு வாரத்துக்கு ஒன்று, ஐந்து நாளுக்கு ஒன்று, மூன்று மணி நேரத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. பருவ முன்னோட்டத்தைப் பார்த்துக் கல்யாண வரவேற்புக்கு நாள் குறிப்பதும், செல்போனில் பத்தாவது நாளுக்குக் காட்டும் மேகப் படத்தைப் பார்த்து வடாத்தைத் தள்ளிப்போடுவதும்தான் "இவங்க சொல்றது எப்பவுமே நடக்காது" என்று நம்மைச் சலித்துக்கொள்ள வைக்கின்றன.

படி 1: மழை வரும் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்த மழைக்குக் காரணம் மேற்கத்திய இடையூறு. தொலைக்காட்சியில் வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ் என்பார்கள். மத்தியதரைக் கடல் பக்கம் கிளம்பும் காற்றழுத்தத் தாழ்வு, உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் காற்றோட்டத்தில் ஏறி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக வந்து இமயமலையில் முட்டுகிறது. காஷ்மீரிலும் இமாச்சலத்திலும் பனியாகக் கொட்டுகிறது. சமவெளியில் இருக்கும் தில்லிக்கு அதன் ஓரம்தான் கிடைக்கும். குளிர்காலத்தில் மாதத்துக்கு நாலைந்து வரும். வெயில் ஏற ஏற அந்த உயரக் காற்றோட்டம் வடக்கே நகர்ந்துவிடுவதால், ஏப்ரலில் வருபவை பெரும்பாலும் மலையோடு போய்விடும்.

இவை ஒன்றன்பின் ஒன்றாக வருவதால், தில்லியில் இந்த மாதங்களில் வறண்ட வானிலை என்பது இரண்டு இடையூறுகளுக்கு நடுவில் கிடைக்கும் இடைவெளி. ஒரு ரயில் போய் அடுத்த ரயில் வருவதற்குள் தண்டவாளத்தைக் கடப்பது மாதிரி, நம் வெயில் வேலைகளை அதற்குள் முடித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். இடையூறு வந்தாலே தில்லியில் மழை என்று அர்த்தமில்லை. அதோடு சேர்ந்து ராஜஸ்தான், பஞ்சாப் அல்லது ஹரியானா மேல் ஒரு மேலடுக்குச் சுழற்சி, அதாவது உயரத்தில் சுழலும் காற்று, உருவாக வேண்டும். சென்னை வானிலை அறிக்கையில் காது புளிக்கக் கேட்ட அதே மேலடுக்குச் சுழற்சிதான். அது அரபிக் கடலிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டு வந்தால் நல்ல மழை. அறிக்கையில் அந்தச் சுழற்சியைப் பற்றிப் பேச்சே இல்லை என்றால், மேகமும் கொஞ்சம் காற்றும் மட்டும் வந்துவிட்டுப் போக வாய்ப்பு அதிகம்.

படி 2: பருவ முன்னோட்டத்தைப் படியுங்கள், நாள் மட்டும் குறிக்காதீர்கள்

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைமையகம் நம் ஊரிலேயே, லோதி சாலை மௌசம் பவனில் இருக்கிறது. பிப்ரவரி கடைசியில் அல்லது மார்ச் பிறந்ததும் மார்ச் முதல் மே வரைக்கான முன்னோட்டத்தை வெளியிடுவார்கள். ஒரு மாதம் கழித்து ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கு இன்னொன்று.

அதில் வடமேற்கு இந்தியா என்று ஒரே பெயரில் சொல்வது ஜம்மு காஷ்மீர், இமாச்சலப் பிரதேசம், உத்தராகண்ட், பஞ்சாப், ஹரியானா, தில்லி, ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் எல்லாவற்றையும் சேர்த்து. குல்மார்கில் பனி அதிகமாகக் கொட்டி, தில்லியில் ஒரு சொட்டு விழாமல் போனாலும் அந்த முன்னோட்டம் பலித்ததாகத்தான் கணக்கு.

அடுத்தது சதவீதம். இயல்பைவிட அதிகம், இயல்பு, இயல்பைவிடக் குறைவு என்று மூன்று பிரிவு. எதுவுமே தெரியாத நிலையில் ஒவ்வொன்றுக்கும் 33 சதவீத வாய்ப்பு. அதனால் "அதிக மழைக்கு 45 சதவீத வாய்ப்பு" என்று வரைபடத்தில் இருந்தால், தராசு லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதை யாரும் சொல்வதில்லை. தில்லியின் அடிப்படை நிலையமான சப்தர்ஜங்கில் மார்ச் மாத இயல்பு மழை சுமார் 17 மி.மீ. ஏப்ரலில் 16 மி.மீ. வருட மொத்தம் 770 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல் என்னும்போது இது ஒன்றுமே இல்லை. சாயங்காலம் ஒரு மணி நேரம் இடித்துப் பெய்தால் முழு மாதக் கணக்கும் முடிந்தது. மழை இயல்பில் 20 சதவீதம் கூடினாலே "அதிகம்" என்ற பிரிவுக்குப் போய்விடும். இங்கே அந்த 20 சதவீதம் மூன்றரை மி.மீ. தான். எனவே "தில்லியில் இந்த மார்ச்சில் இயல்பைவிட இத்தனை சதவீதம் அதிகம்" என்ற தலைப்பைப் பார்த்து ஆச்சரியப்படவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். எந்தெந்த நாளில் பெய்கிறது என்பதுதான் நமக்கு முக்கியம்.

வருடத்துக்கு வருடம் எவ்வளவு மாறும் என்று தெரிய 2020-ஐயும் 2022-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2020 மார்ச்சில் சப்தர்ஜங்கில் 100 மி.மீ.க்கு மேல் பெய்தது. அதற்கு முன் எந்த மார்ச்சிலும் அங்கே அவ்வளவு பதிவானதில்லை. 2022 மார்ச்சில் சொல்லும்படியான மழையே இல்லை. நாடு முழுவதற்குமாகப் பார்த்தால் 1901-க்குப் பிறகு மிக வெப்பமான மார்ச் அதுதான். பஞ்சாப், ஹரியானா கோதுமை அந்த வெப்பத்தில் சுருங்கி, மே மாதம் ஏற்றுமதிக்கே தடை வந்தது. 2023-இல் கதையே வேறு: பிப்ரவரியில் கொளுத்திவிட்டு மார்ச்சில் மழை கொட்டியது. பிப்ரவரி வெயிலைப் பார்த்துக் கம்பளியை மூட்டை கட்டியவர்கள் மறுபடி பிரித்தார்கள்.

ஆக, பருவ முன்னோட்டம் எதற்குத்தான் பயன்படும்? பெரிய செலவுகளுக்கு. சராசரியைவிட வெப்பமான ஏப்ரல் என்று சாய்வு தெரிந்தால் ஏ.சி. சர்வீஸ்காரருக்கு மார்ச் மத்தியிலேயே போன் போடலாம். மொட்டைமாடிக்கு வாட்டர் புரூஃபிங் செய்ய மேஸ்திரியை முன்கூட்டியே பிடிக்கலாம். அவ்வளவுதான்.

படி 3: வியாழக்கிழமை ஒரு பார்வை

ஒவ்வொரு வியாழனும் வானிலைத் துறை அடுத்த இரண்டு வாரத்துக்கான நீட்டித்த முன்னறிவிப்பை வெளியிடுகிறது. முதல் வாரத்தை ஓரளவு நம்பலாம். இரண்டாம் வாரத்தில் தேடவேண்டியது ஒன்றே ஒன்று: வடமேற்கு இந்தியாவில் மழை இயல்பைவிடக் கூடுதலா, குறைவா. இரண்டாம் வாரம் குறைவு என்று தொடர்ந்து இரண்டு வியாழனும் சொன்னால் இடைவெளி நீளப்போகிறது என்று வைத்துக்கொண்டு, மோர்மிளகாய் போல ஒரு வாரம் வெயில் கேட்கும் வேலைக்குப் பென்சிலால் தேதி போட்டு வைக்கலாம்.

படி 4: ஐந்து நாள் அறிக்கையை வரி வரியாகப் பாருங்கள்

முடிவு எடுக்கவேண்டிய இடம் இது. மௌசம் செயலியிலோ துறையின் இணையதளத்திலோ தில்லி மண்டல வானிலை மையத்தின் அறிக்கையைத் திறந்து, கீழே சொல்லும் வரிசையில் படியுங்கள்.

முதலில், அடுத்த மேற்கத்திய இடையூறு மேற்கு இமயமலைப் பகுதியை எந்தத் தேதி இரவிலிருந்து பாதிக்கும் என்று இருக்கிறதா பாருங்கள். அது காஷ்மீருக்கான தேதி. தில்லியில் அதன் பாதிப்பு பெரும்பாலும் அரை நாள், ஒரு நாள் தள்ளித்தான் தெரியும். அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள். ஏற்கெனவே ஒன்று போய்க்கொண்டிருந்தால் அது விலகும் தேதியையும் குறியுங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ளதுதான் உங்கள் இடைவெளி. வீட்டில் பங்குனி உத்திரத்துக்கும் சித்திரை வருடப் பிறப்புக்கும் குறித்து வைத்திருக்கும் தமிழ்க் காலண்டரே போதும், தனி நோட்டுப் புத்தகம் வேண்டாம்.

அடுத்து, எத்தனை இடத்தில் மழை என்பது. ஓரிரு இடங்களில் என்றால் அந்தப் பகுதியிலுள்ள நிலையங்களில் கால் பங்கு வரை. சில இடங்களில் என்றால் பாதி வரை. பல இடங்களில் என்றால் முக்கால் பங்கு வரை. பெரும்பாலான இடங்களில் என்றால் அதற்கும் மேல். வசந்தகால இடிமழை திட்டுத் திட்டாகத்தான் பெய்யும். துவாரகாவில் தெரு நனைந்திருக்கும்போது லக்ஷ்மி நகரில் புழுதி பறக்கும். "ஓரிரு இடங்களில்" என்று இருந்தால் நான் துணிந்து வேலையைத் தொடங்கிவிடுவேன். "பல இடங்களில்" என்று ஏறினால் தள்ளிப்போடுவேன்.

மூன்றாவதாக, அளவு. 2.4 மி.மீ. வரை மிக லேசானது, 15.5 வரை லேசானது, 64.4 வரை மிதமானது, அதற்குமேல் கனமழை. வானிலைக் கணக்கில் 2.5 மி.மீ. பெய்தால்தான் அது மழை நாள். செல்போனில் தானாக வரும் செயலிகளில் 0.2 மி.மீ.க்கும் மேகம் போட்டு மூன்று சொட்டு வரைந்துவிடுகிறார்கள். படத்தைப் பார்க்காமல் அதன் கீழே உள்ள எண்ணைப் பாருங்கள். பாதி பயம் போய்விடும்.

நான்காவது, நாள் எப்போது தொடங்குகிறது என்ற குழப்பம். வானிலைத் துறைக்கு மழை நாள் காலை 8.30-க்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30-க்கு முடிகிறது. 15-ஆம் தேதிக்கு மழை என்று முன்னறிவிப்பில் இருந்து, பகல் முழுக்கக் காய்ந்து, 16-ஆம் தேதி விடிகாலை நாலு மணிக்குப் பெய்தால் அது சரியான முன்னறிவிப்புதான். இது தெரியாமல்தான் பலர் "15-ஆம் தேதி ஒண்ணுமே வரலையே" என்று 15 ராத்திரி துணியை மாடியிலேயே விட்டுவிட்டுத் தூங்குகிறார்கள்.

கடைசியாக எச்சரிக்கையின் நிறம். பச்சைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், மஞ்சளுக்குக் கவனம், ஆரஞ்சுக்குத் தயார்நிலை, சிவப்புக்கு உடனே நடவடிக்கை. வசந்தகாலத்தில் தில்லிக்கு மஞ்சள் அடிக்கடி வரும். பெரும்பாலும் மழைக்காக இல்லாமல் மணிக்கு 40 கி.மீ., 50 கி.மீ. காற்றுக்காக வரும். எதற்காக மஞ்சள் என்று கீழே படித்துவிட்டு முடிவெடுங்கள்.

இத்தோடு விண்டி போன்ற செயலியில் வானிலையைக் கணிக்கும் ஐரோப்பியக் கணினி மாதிரியையும் அமெரிக்க மாதிரியையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் நல்லது. இரண்டும் ஒரே நாளைக் காட்டினால் நம்பலாம். ஒரு நாளுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், காலண்டரில் போட்ட வட்டத்தை இரண்டு பக்கமும் ஒரு நாள் பெரிதாக்குங்கள். யூடியூபில் மூன்று வாரத்துக்கு முன்பே தேதியோடு ஆலங்கட்டியை அறிவிப்பவர்களைப் பொழுதுபோக்குக்குப் பார்க்கலாம்.

படி 5: மழை நாளன்று

இங்கே பேச அதிகமில்லை. இடையூறு நெருங்குவது ஜன்னல் வழியாகவே தெரியும்: முதல் நாள் உயரத்தில் கீற்று மேகம், அப்புறம் வானம் பால் கலந்தது போல் மங்கல், காற்று கிழக்கு அல்லது தென்கிழக்குக்குத் திரும்பும், ராத்திரி வழக்கத்தைவிடப் புழுக்கமாக இருக்கும். மேகம் போர்வையாக நிற்பதால் தரையின் சூடு வெளியேறாது.

அன்றைக்கு மூன்று மணி நேர அறிவிப்பையும் ரேடார் படத்தையும் மட்டும் பாருங்கள். தில்லியில் பாலம், லோதி சாலை, ஆயாநகர் ஆகிய இடங்களில் ரேடார்கள் உள்ளன. புயல்மேகங்கள் பெரும்பாலும் மேற்கு, வடமேற்கிலிருந்து வரும். ரோத்தக் இங்கிருந்து சுமார் 70 கி.மீ.; மேகக் கூட்டம் மணிக்கு 40 முதல் 60 கி.மீ. வேகத்தில் நகர்ந்தால், படத்தில் ரோத்தக் மேல் சிவப்புத் திட்டு தெரிந்ததிலிருந்து உங்களுக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் அவகாசம். மாடியில் உள்ளதை இறக்க, வேப்பமரத்தடியில் நிற்கும் காரை நகர்த்த, குழந்தைகளைப் பூங்காவிலிருந்து கூப்பிட அது போதும். மின்னலுக்கு தாமினி செயலி இருக்கிறது. 20 முதல் 40 கி.மீ. சுற்றளவில் மின்னல் இருந்தால் எச்சரிக்கும். இடி கேட்ட பிறகு மாடிக்கு ஓடிப்போய்த் துணி எடுப்பதைவிடத் துணி நனைவதே மேல்.

படி 6: மழை உண்மையிலேயே போய்விட்டதா?

அவசரப்படுவது இங்கேதான். மழை நின்ற மறுநாள் காலை வானம் கழுவிவிட்டதுபோல் நீலமாக இருக்கும். காற்று சுத்தமாக, தூரத்துக் கட்டடங்கள் பளிச்சென்று தெரியும். "இன்னிக்கே வடாம் போட்டுடலாம்" என்று தோன்றும். போடாதீர்கள். முதல் நாள் தரையிலும் சுவரிலும் ஈரம் இருக்கும். போதாததற்கு மேற்கிலிருந்து காற்று பலமாக அடிக்கும். பிளாஸ்டிக் ஷீட்டைப் புரட்டிப்போட அந்தக் காற்று போதும்.

இடைவெளி ஆரம்பித்துவிட்டதா என்று உறுதி செய்ய நான்கு அடையாளம் வைத்திருக்கிறேன்.

காற்றின் திசை மேற்கு அல்லது வடமேற்குக்கு மாறியிருக்க வேண்டும். ராஜஸ்தான், பாகிஸ்தான் பக்கமிருந்து வரும் அந்தக் காற்றில் ஈரம் கிடையாது. கிழக்குக் காற்று நிற்கவில்லை என்றால் இன்னொரு சுற்று மழை பாக்கி இருக்கிறது.

ராத்திரி வெப்பநிலை இறங்கியிருக்க வேண்டும். மேகம் விலகினால் சூடு மேலே போய்விடும். குறைந்தபட்ச வெப்பநிலை மூன்று நான்கு டிகிரி குறைவது சாதாரணம். மார்ச் கடைசி வரை ஒரு கம்பளியை வெளியில் வைத்திருக்கச் சொல்வது இதனால்தான். பகலில் ஃபேன் போட்டவர்கள் விடிகாலையில் தும்முவார்கள்.

பகல் வெப்பநிலைக்கும் இரவு வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழித்துப் பாருங்கள். மழை மேகம் நிற்கும் நாட்களில் பத்து டிகிரிக்குள் இருக்கும். காய்ந்த காற்று வந்துவிட்டால் பதினைந்தைத் தொடும். எந்தச் செயலியும் இதைத் தனியாகக் காட்டாது, ஆனால் நான்கில் எனக்கு மிக நம்பகமானது இதுதான்.

மாலை 5.30 மணி ஈரப்பதம். காலை 8.30 அளவைப் பார்த்துப் பயப்படாதீர்கள். மழைக்குப் பின் காலையில் 80, 90 சதவீதம் காட்டும். மாலையில் 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் வெயில் வேலைக்கு ஊர் தயார். இந்த 40 என் கைக்கணக்கு, துறை வகுத்த எல்லை இல்லை.

நான்கில் மூன்று சரியாக இருந்து, அடுத்த இடையூறின் வட்டம் குறைந்தது மூன்று நாள் தள்ளி இருந்தால், மறுநாள் காலை வேலையைத் தொடங்குங்கள். பொதுவாக அது மழை நின்ற இரண்டாம் நாளாக இருக்கும்.

படி 7: கிடைத்த நாட்களைப் பங்கிடுவது

இடைவெளி மூன்று நாள்தான் என்றால் ரஜாய், ஸ்வெட்டர், கம்பளி. ஹோலி முடிந்தால் குளிர் முடிந்தது என்று பக்கத்து வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி சொல்வது ஏறத்தாழ சரி. பருத்தி ரஜாய் ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். ஒரு நாள் ஒரு பக்கம், மறுநாள் மறுபக்கம் என்று காயவைத்து, நிழலில் ஆறவிட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். நாப்தலின் வாசனை பிடிக்காதவர்கள் காய்ந்த வேப்பிலையும் வசம்பும் போடலாம். வேப்பிலைக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை.

நாலைந்து நாள் கிடைத்தால் வடாம். ஜவ்வரிசி வடாத்துக்கு இரண்டு நாள் வெயில், பிழிந்த கூழ் வடாத்துக்கு இரண்டு மூன்று நாள், அதற்குமேல் ஒரு நாளைக் கையிருப்பாக வையுங்கள். சென்னை வெயிலோடு ஒப்பிட்டால் தில்லியில் காற்றின் ஈரம் குறைவு, அதனால் மார்ச் கடைசியிலும் ஏப்ரல் முதல் பாதியிலும் வேகமாகவும் மொறுமொறுப்பாகவும் காயும். நேரம்தான் முக்கியம். காலை ஏழரைக்குள் பிழிந்து முடித்துவிடுங்கள். மேற்குக் காற்று மதியத்துக்கு மேல்தான் வேகமெடுக்கும், புழுதியும் அப்போதுதான் ஏறும். மூன்றரை, நான்கு மணிக்குள் தட்டோடு உள்ளே எடுத்துவிட வேண்டும். மெல்லிய வேட்டித் துணியால் மூடி நாலு பக்கமும் செங்கல் வைத்தால் தூசிக்கும் காக்கைக்கும் ஆகும். குரங்கு வரும் பேட்டையில் இருப்பவர்கள் பால்கனியோடு நிறுத்திக்கொள்வது உத்தமம். மேயில் போடலாமே என்று கேட்பவர்களுக்கு: அந்தச் சூட்டுக் காற்றில் ஓரம் சுருண்டு வெடித்துவிடுகிறது, தினம் சாயங்காலம் புழுதிப் புயல் பயம் வேறு.

ஒரு வாரத்துக்கு மேல் இடைவெளி என்று வியாழன் அறிக்கையும் ஐந்து நாள் அறிக்கையும் ஒத்துப்போனால் மட்டும் மோர்மிளகாய், மணத்தக்காளி வற்றல். இரவில் மோரில் ஊறி, பகலில் காய்ந்து என்று மாறி மாறிப் போகவேண்டியது, நடுவில் இரண்டு நாள் மேகம் வந்தால் புளித்த வாடை வந்துவிடும். சுவருக்குப் பெயின்ட் அடிப்பதும் இந்த நீண்ட இடைவெளிக்குத்தான். மழை நனைத்த சுவர் இரண்டு மூன்று நாள் காய்ந்த பிறகு ஆளை வரச்சொல்லுங்கள். சிமென்ட் வேலை என்றால் காய்ந்த காற்றில் சீக்கிரம் வெடிப்பு விழும். தண்ணீர் ஊற்றி ஈரம் காக்கும் வேலையை மேஸ்திரி மறந்தாலும் நீங்கள் மறக்கக் கூடாது.

குளிர்காலம் முழுக்க உறங்கிக் கிடந்த தொட்டிக் கறிவேப்பிலை இந்த மழைக்குத் துளிர்விடும். மழைக்குப் பின் இரண்டு நாள் தண்ணீர் வேண்டாம். மேற்குக் காற்று தொடங்கியதும் தினம் காலையில் ஊற்றுங்கள்.

கூலரைப் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீர் ஆவியாகும்போது காற்று குளிரும், அதுதான் கூலரின் முழு ரகசியம். காற்று எவ்வளவு வறண்டதோ அவ்வளவு குளிர். அதனால் மாலை ஈரப்பதம் 25-க்குக் கீழே தொடர்ந்து இருக்கும்போதுதான் அதற்கு வேலை. தில்லியில் அது பெரும்பாலும் ஏப்ரல் பாதிக்கு மேல். மார்ச் இடைவெளிகளில் சுத்தம் மட்டும் செய்துவைக்கலாம்: போர் தண்ணீரால் படிந்த வெள்ளை உப்பைச் சுரண்டி, பம்ப்பைச் சோதித்து, புல் பேடை மாற்றி வையுங்கள். ஓட ஆரம்பித்தபின் வாரம் ஒரு முறை தொட்டியைக் காலிசெய்து தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு கொசுவுக்குக் கூலர் தண்ணீர் மிகவும் பிடிக்கும், மாநகராட்சி ஆட்கள் வந்து பார்த்தால் நோட்டீஸும் கிடைக்கும்.

ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்த வாரங்கள் ஏமாற்றுபவை. மழை முடிந்த அன்று காற்றுத் தரம் நன்றாக இருக்கும். இரண்டு மூன்று நாளில் காய்ந்த காற்று மண்ணைக் கிளப்பும். குளிர்காலப் புகைமூட்டத்தில் நுண்துகள் பிரச்சினை என்றால் இப்போது பெரிய தூசி. காற்றுத் தரத்தைக் காட்டும் சமீர் செயலியில் குறியீட்டு எண்ணோடு எந்த மாசு முன்னணியில் இருக்கிறது என்றும் பாருங்கள். பி.எம். 10, அதாவது அந்தப் பெரிய தூசி, என்று இருந்தால் ஜன்னலை மதியத்துக்கு மேல் மூடி, வீட்டை ஈரத்துணியால் துடைப்பது நேரடியாகப் பலன் தரும். மலைமந்திர் முருகன் கோயிலுக்குப் பங்குனி உத்திரத்துக்குப் போகிறவர்கள் காலை தரிசனத்தை முடித்துக்கொண்டால் தூசியும் மிச்சம், சுடும் கருங்கல் படியில் வெறுங்காலோடு ஏறும் அவஸ்தையும் மிச்சம்.

படி 8: வறட்சி எங்கே வெயிலாக மாறுகிறது

ஏப்ரல் நடுவில் கேள்வி மாறிவிடும். இதுவரை மழை எப்போது நிற்கும் என்று பார்த்தோம். இனி அடுத்த இடையூறு வருமா, வந்து கொஞ்சம் தணிக்குமா என்று பார்ப்போம். சமவெளியில் பகல் வெப்பநிலை 40 டிகிரியைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடினால் வெப்ப அலை. இயல்பு எதுவாக இருந்தாலும் 45 வந்துவிட்டால் வெப்ப அலைதான். ஐந்து நாள் அறிக்கையில் இடையூறே இல்லாமல், காற்று மேற்கிலிருந்தே அடித்துக்கொண்டிருந்தால், வெப்பநிலை நாளுக்கு ஒரு டிகிரி என்று ஏறுவதைப் பார்க்கலாம். தண்ணீர்த் தொட்டியைக் கழுவி நிரப்பிவைக்க இதுதான் நேரம். கோடை முற்றினால் பல காலனிகளில் குழாய் வரும் நேரம் சுருங்கிவிடும், டேங்கருக்கு வரிசை நிற்க வேண்டியிருக்கும்.

இந்தக் கட்டத்தில் வரும் இடையூறு மழையைவிட அதிகமாகப் புழுதியைக் கொண்டுவரும். பகலெல்லாம் சுட்டெரித்து, சாயங்காலம் மேற்கு வானம் பழுப்பாகி, ஆந்தி எனும் புழுதிப் புயல் அடித்து, அப்புறம் பத்து நிமிடம் மழை. காலையில் வந்த அறிக்கையில் வெறும் மஞ்சள்தான் இருந்திருக்கும். அதனால் ஏப்ரல் பாதிக்குப் பின் மாலை மூன்று மணிக்கு ஒரு தடவை மூன்று மணி நேர அறிவிப்பைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். சாயங்கால விமானத்தில் சென்னை போகிறவர்கள் அன்றைய ரேடாரையும் பார்த்துவிட்டுக் கிளம்பினால், விமான நிலையத்தில் தாமத அறிவிப்பு அதிர்ச்சியாக இருக்காது.

சில வருடம் இந்த வரிசையே கலைந்துபோகும். 2025 மே 2 அதிகாலையில் சில மணி நேரத்துக்குள் சப்தர்ஜங்கில் 70 மி.மீ.க்கும் மேல் கொட்டியது. மே மாதம் முழுவதற்குமான இயல்பே அங்கே சுமார் 30 மி.மீ. தான். அப்படிப்பட்ட காலையில் பருவ முன்னோட்டமும் வியாழக்கிழமை அறிக்கையும் கைகொடுக்காது. ரேடாரும் மூன்று மணி நேர அறிவிப்பும்தான்.

தென்மேற்குப் பருவமழை தில்லிக்கு வரும் இயல்பான தேதி ஜூன் 27. அதற்கு முன்பே கிழக்குக் காற்று நிலைத்து, மாலை ஈரப்பதம் 50-ஐத் தாண்ட ஆரம்பித்தால், மீதமுள்ள வற்றலையும் வடாத்தையும் ஒரு முறை வெயில் காட்டிக் காற்றுப் புகாத டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள்.